விந்தணு மிகக் குறைவு என்றால்: மலையிலிருந்து கீழே இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எங்கள் பக்கம் வீட்டில் ஒரு கறவை மாடாவது வைத்திருந்தவர்களுக்கு உறைவிந்து புதிதில்லை. சினை ஊசி போட வருகிறவர் பைக்கில் ஒரு கேனைக் கட்டிக்கொண்டு வருவார். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை தரையை நோக்கி வழியும். கிடுக்கியால் மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு, துணியில் துடைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போவார். ஊட்டியிலேயே ஜெர்சிக் காளைகளுக்கான உறைவிந்து நிலையம் இருக்கிறது. மாட்டுக்கு என்றால் டீ குடித்துக்கொண்டே பேசுகிறோம். மனிதனுக்கு என்றதும் குரல் தாழ்ந்துவிடுகிறது.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறேன். டாக்டர் இல்லை. ஆறு வருடம் இந்த விஷயத்துக்காக மலை ஏறி இறங்கியவன். என்னிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற தம்பிகளுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: எண்ணிக்கை மிகக் குறைந்தவனுக்கு இன்று தென்படுகிற விந்தணு அடுத்த மாதமும் தென்படும் என்ற உறுதி கிடையாது. தென்படுகிற நாளிலேயே எடுத்து, சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறையவைத்துவிட வேண்டும்.

இது எனக்குத் தெரியாமல் போனதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சைக்குப் போனபோது என் ரிப்போர்ட்டில் 0.2 மில்லியன் என்று இருந்தது. குறைவுதான், ஆனால் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம். மனைவிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. கருமுட்டை எடுக்கிற அன்று காலையில் சாம்பிள் கொடுத்தேன். ஒன்றும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று கேட்டார்கள். அதிலும் இல்லை. மனைவி மயக்கம் தெளிந்து, "எத்தனை முட்டைங்க கிடைச்சுது?" என்று கேட்கிறாள், எனக்குப் பதில் வரவில்லை. முட்டைகளை உறையவைத்துவிட்டு வந்தோம். "முன்னாடியே கொஞ்சம் ஃப்ரீஸ் பண்ணி வைக்கலையா?" என்று அங்கே ஒருவர் கேட்டார். வைக்கச் சொல்லி அதற்கு முன் அந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ரிப்போர்ட்டைப் படிக்கிற விதம்

ரிப்போர்ட்டில் எண்ணிக்கை மில்லியனில் இருக்கும். ஒரு மில்லியன் என்றால் பத்து லட்சம். உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி ஒரு மில்லி விந்தில் 16 மில்லியன், அதாவது 1.6 கோடி என்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே இருந்தாலும் இயல்பாகக் குழந்தை பெற்றவர்கள் ஏராளம், அதனால் 12, 13 என்று வந்தவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் போகலாம். 5 மில்லியனுக்குக் கீழே வந்தால்தான் கடுமையான குறைவு என்பார்கள். அதற்கும் அடியில் ஒரு நிலை உண்டு. சாதாரணமாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாம்பிளை மெஷினில் வேகமாகச் சுழற்றி, அடியில் படிகிற வண்டலை எடுத்துப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படும். இதை கிரிப்டோ என்று சுருக்கிச் சொல்வார்கள். வண்டலிலும் ஒன்றும் இல்லையென்றால் அசூஸ்பெர்மியா.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சின்ன லேபுகளில் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்துப் பார்த்துவிட்டு 'நில்' என்று எழுதித் தந்துவிடுவார்கள். அந்த 'நில்'லை நம்பி அழுதுகொண்டு உட்காராதீர்கள். சுழற்றி வண்டலைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஆண்களுக்கான பரிசோதனை ஒழுங்காகச் செய்கிற இடத்தில், சில வாரம் இடைவெளி விட்டு, குறைந்தது இரண்டு தடவை பாருங்கள். 'நில்' என்று வந்த ஒருவருக்கு வண்டலில் நாலைந்து உயிருள்ள அணு கிடைத்தால் அவர் வழியே வேறு. ஆபரேஷன் வரை போக வேண்டியவர், குப்பியில் சேர்த்து வைப்பவராக மாறிவிடுகிறார்.

நாலைந்து அணுவை வைத்து என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1992இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரத்திலிருந்து இக்ஸி என்ற முறையில் பிறந்த குழந்தைகள் பற்றிய செய்தி வந்தது. ஒரு கருமுட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்துகிற வேலை அது. அதற்குப் பிறகு கணக்கு கோடியில் இல்லை, முட்டைக்கு ஒன்று.

இன்னொன்று: விந்தணு உருவாகி வெளியே வர ஏறக்குறைய இரண்டரை மாதம் முதல் மூன்று மாதம் ஆகும். டெங்கு, டைஃபாய்டு மாதிரி கடும் காய்ச்சல் வந்து போயிருந்தால், இன்று குறைவாக வருவது அந்தக் காய்ச்சலின் கணக்காக இருக்கலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

ரத்தப் பரிசோதனையைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

எஃப்எஸ்ஹெச், எல்ஹெச், டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின் என்று ஹார்மோன்கள் எடுப்பார்கள். எஃப்எஸ்ஹெச் ரொம்ப அதிகம் என்றால் விரையில் உற்பத்தியே தடுமாறுகிறது என்று பொருள். எஃப்எஸ்ஹெச், எல்ஹெச் இரண்டும் ரொம்பக் குறைவு என்றால் கோளாறு மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பியில் இருக்கலாம். இது ஊசி மருந்தால் மாதக்கணக்கில் சரிசெய்யக்கூடிய வகை, தவறவிடக் கூடாது.

எண்ணிக்கை மிகக் கீழே இருந்தால் குரோமோசோம் பரிசோதனையும், ஒய் குரோமோசோமில் சின்னத் துண்டு ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்கிற ஒய் மைக்ரோடெலிஷன் பரிசோதனையும் கேட்பார்கள். செலவு என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போடக் கூடாதது இதுதான். ஒய் குரோமோசோமில் ஏ, பி, சி என்று மூன்று பகுதி. சி பகுதி மட்டும் போயிருந்தால் விந்தணு கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் வருடம் போகப் போக எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகலாம். அவர் இன்றைக்கே சேமிக்க வேண்டியவர். ஏ அல்லது பி பகுதி முழுதாகப் போயிருந்தால் ஆபரேஷன் செய்தாலும் கிடைப்பது கிட்டத்தட்ட இல்லை. அந்த ஒரு காகிதம் ஒரு ஆபரேஷன் செலவையும் வலியையும் மிச்சப்படுத்தும். சி பகுதி இல்லாதவருக்கு மகன் பிறந்தால் அவனுக்கும் அதே குறை போகும். டாக்டரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எங்கே கொடுப்பது

மலைக்காரர்களுக்கு மட்டுமான பிரச்சினை இது. விந்தை எடுத்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் லேப் கையில் இருக்க வேண்டும், 20 டிகிரிக்குக் கீழே குளிரவும் கூடாது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே ஒரு மணி நேரம் ஓடிவிடும், கோவை அதற்கும் அப்பால். ஊட்டிக்காரர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஜனவரி மாதம் புல்லில் உறைபனி படிகிற காலையில் டப்பாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிய ஒருவரை எனக்குத் தெரியும். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, லேபுக்குப் போய் அங்கே எடுப்பதில் அவருக்குக் கூச்சம். சாம்பிள் போய்ச் சேர்ந்தபோது அசைவு எதுவும் இல்லை. நிறைய இருப்பவர் பாதி போனாலும் தாங்குவார், நம்மால் ஒன்றைக்கூட இழக்க முடியாது. வீட்டில் எடுத்துக் கொண்டுபோகிற யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

முதல் நாள் மாலையே கீழே இறங்கித் தங்குங்கள். பஸ்ஸில் வளைவு வளைவாகத் தலை சுற்றி வந்து, பத்து நிமிடத்தில் ஒரு அறைக்குள் போய்க் கொடு என்றால் யாருக்கும் வராது. கோவையில் ஊட்டி பஸ்கள் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டுக்கு வரும்; அங்கிருந்து உங்கள் மையத்துக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்து ரூம் போடுங்கள். கூடலூர், பந்தலூர்க்காரர்கள் ஊட்டி ஏறி இறங்குவதைவிட நாடுகாணி வழியாகக் கேரளாப் பக்கம் போவது சுலபமா என்று யோசிக்கலாம்.

எந்த மையத்தில் இக்ஸி செய்யப்போகிறீர்களோ அங்கேயே உறையவைப்பது நல்லது. உறைந்த குப்பியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகத் தனி நைட்ரஜன் பெட்டி உண்டு, போகவும் செய்கிறது. ஆனால் பத்து அணு இருக்கிற குப்பிக்குத் தேவையில்லாத பயணம் எதற்கு?

உறையவைக்கும் நாள்

அதற்கு முன் ஹெச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிஃபிலிஸ் பரிசோதனைகள் எடுத்திருக்க வேண்டும். தொற்று இருப்பவர்களின் குப்பிகளைத் தனி டேங்கில் வைப்பார்கள், மறைக்காதீர்கள்.

கடைசியாக விந்து வெளியேறியதற்கும் சாம்பிள் கொடுப்பதற்கும் நடுவே இரண்டு மூன்று நாள் இடைவெளி போதும். அதிக நாள் சேர்த்து வைத்தால் அதிகம் கிடைக்கும் என்று பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நாள் கூடக் கூடச் சேர்வது பழைய, சோர்ந்த அணுக்கள். எச்சில், எண்ணெய், கிரீம், சாதாரண ஆணுறை எதுவும் வேண்டாம். முதலில் வருகிற சில துளிகளில்தான் அணுக்கள் அதிகம் இருக்கும். அது டப்பாவுக்கு வெளியே விழுந்துவிட்டால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், ஒரு சாம்பிளோடு நிறுத்தாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்தோ மறுநாளோ இன்னொன்று கொடுக்கலாமா என்று கேளுங்கள். சிலருக்கு இரண்டாவதில்தான் நல்ல அசைவோடு கிடைக்கும். என் இரண்டாவது சுற்றில் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு முறை இறங்கி, ஒவ்வொரு முறையும் இரண்டு சாம்பிள் கொடுத்தேன். நாலில் ஒன்று வெறும் சாம்பிள். மற்ற மூன்றிலிருந்து ஐந்து குப்பி தேறியது.

அந்த நாளில் ஒன்று மட்டும் மறக்கவே மறக்காது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் முக்கால் மணி நேரமாக மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்த பெண் தலையை நிமிர்த்தி, "அண்ணா, இங்க வந்து ஸ்கிரீனைப் பாருங்க" என்றாள். சாம்பல் நிறத் திரை முழுக்க உருண்டை உருண்டையாக ஏதேதோ செல்கள். ஓரத்தில் ஒன்று, வாலை மெதுவாக அடித்துக்கொண்டு, போக வழி தெரியாதது மாதிரி அதே இடத்தில் திரும்பித் திரும்பி நின்றது. "இது ஒண்ணு. இன்னும் ஆறு பார்த்து வெச்சிருக்கேன்" என்றாள். காசு எண்ணுகிற மாதிரி எண்ணுவார்கள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எடுத்த அணுவோடு கிளிசரால் கலந்த திரவத்தைச் சொட்டுச் சொட்டாகக் கலக்குவார்கள். உறையும்போது உள்ளே பனிக்கட்டி ஊசியாக வளர்ந்து அணுவைக் கிழித்துவிடாமல் காப்பது அதுதான். 1949இல் இங்கிலாந்தில் சேவலின் விந்தணுவில் இதைக் கண்டுபிடித்தார்கள். 1953இல் அமெரிக்காவில் உறைந்த மனித விந்தணுவில் உருவான கருவைப் பற்றிய முதல் செய்தி வந்துவிட்டது. கலந்ததை நைட்ரஜன் ஆவியில் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு மைனஸ் 196 டிகிரித் திரவத்துக்குள் இறக்கிவிடுவார்கள். மூடி திறந்ததும் அதே வெள்ளைப் புகை. எங்கள் வீட்டு மாடு ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், அந்தப் பெண்ணுக்கு ஏன் என்று புரியவில்லை.

அங்கே கேட்க வேண்டியது இவைதான். எத்தனை குப்பியாகப் பிரிப்பீர்கள்? ஒரு குப்பி ஒரு இக்ஸிக்குப் போதுமா? எல்லாவற்றையும் ஒரே குப்பியில் போட்டால், ஒரு தடவை உருக்கினால் கதை முடிந்தது. மறுபடி உறையவைப்பது ஒவ்வொரு முறையும் இழப்பு. உருக்கும்போது சாதாரணமாகவே ஏறக்குறைய பாதி அணுக்கள் அசைவை இழக்கும், நம் மாதிரி பலவீனமானவற்றில் அதைவிட அதிகமாகவும் போகலாம். 'சோதனைக்கு ஒரு குப்பியை உருக்கிப் பார்க்கிறோம்' என்று சில இடங்களில் வழக்கமாகச் செய்வார்கள். எண்ணிக்கை அதிகமுள்ளவருக்குச் சரி. நமக்கு அது விதைநெல்லை வேகவைத்துப் பார்ப்பது போல. வேண்டாம் என்று சொல்லலாம், அல்லது மிகச் சின்ன அளவில் மட்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். ஒற்றை ஒற்றையாக எண்ணி உறையவைக்கிற சின்னப் பட்டை, தகடு போன்ற சாதனங்களும் உண்டு. எல்லா லேபிலும் இருக்காது. இருக்கிறதா, அதில் கைப்பழக்கம் உள்ளவர் இருக்கிறாரா என்று கேட்பதில் தப்பில்லை.

வண்டலிலும் ஒன்றும் இல்லையென்றால்

இரண்டு வகை. உற்பத்தி நன்றாக இருந்து வழி அடைபட்டிருப்பது ஒன்று. விந்தின் அளவே ஒரு மில்லிக்கும் குறைவு, எஃப்எஸ்ஹெச் சரியாக இருக்கிறது, விரையின் அளவும் சரி என்றால் டாக்டர் இந்தப் பக்கம் யோசிப்பார். பிறப்பிலேயே விந்துக்குழாய் இல்லாதவர்களும் இதில் வருவார்கள். அவர்களும் மனைவியும் சிஎஃப்டிஆர் ஜீன் பரிசோதனை (சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்கிற பரம்பரை நுரையீரல் நோயோடு தொடர்புள்ள ஜீன் அது) செய்துகொள்வது நல்லது. இந்த வகைக்கு ஊசியால் உறிஞ்சி எடுத்தாலே போதுமான அளவு கிடைக்கும், தாராளமாக உறையவைக்கலாம்.

உற்பத்தியே இல்லாத வகையில் மைக்ரோ டீஸி என்கிற ஆபரேஷன். மைக்ராஸ்கோப் வைத்து விரைக்குள் கொஞ்சம் தடித்த குழல்களைத் தேடி எடுப்பார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கும், பாதிப் பேருக்குக் கிடைக்காது. இதை மனைவிக்கு முட்டை எடுக்கிற நாளிலேயே செய்வதா, முன்பே செய்து உறையவைப்பதா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. அன்றைக்கே செய்தால் புதிய அணு கிடைக்கும், ஆனால் கிடைக்காமல் போனால் மனைவி போட்ட ஊசியெல்லாம் வீண். முன்பே செய்தால் அந்த அபாயம் இல்லை, ஆனால் கிடைத்த ஒன்றிரண்டு உறைதலில் போய்விடலாம். என்னைக் கேட்டால், முன்பே செய்வதுதான் மேல். மனைவியின் வயது 35ஐத் தாண்டியிருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

மருந்து தொடங்கும் முன்

கேன்சருக்கு கீமோ, ரேடியேஷன் தொடங்க இருப்பவர்கள் அதற்கு முன்பே உறையவைக்க வேண்டும். ஒரு வாரம் கிடைத்தால்கூட இரண்டு மூன்று சாம்பிள் கொடுக்கலாம்.

நம் மாவட்டத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பழங்குடி மக்களிடையே சிக்கிள் செல் நோய் இருக்கிறது. அதற்குத் தருகிற ஹைட்ராக்சியூரியா நல்ல மருந்து, உயிர் காக்கிறது. அது விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கவும் செய்யும். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடங்கும் முன்பே குழந்தை ஆசையைச் சொல்லி, உறையவைப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

டெஸ்டோஸ்டிரோன் ஊசி பற்றி ஒரு வார்த்தை. ஆண்மைக்குறைவு என்றதும் சிலர் இதைப் போட்டுக்கொள்கிறார்கள், ஜிம் பையன்கள் சொந்தமாகவே போடுகிறார்கள். வெளியிலிருந்து வருகிற டெஸ்டோஸ்டிரோன், மூளை விரைக்கு அனுப்புகிற உத்தரவை நிறுத்திவிடும். இருக்கிற விந்தணுவும் பூஜ்யமாகிவிடலாம். யார் எழுதிக் கொடுத்தாலும் ஆண் மலட்டுத்தன்மை பார்க்கிற டாக்டரிடம் காட்டாமல் போடாதீர்கள்.

கையெழுத்துப் போடும் இடம்

செயற்கை கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021இல் வந்தது, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆணுக்கு 21 முதல் 55, பெண்ணுக்கு 21 முதல் 50 வயது வரைதான் சிகிச்சை. படிவத்தில் ஒரு கேள்வி வரும்: நீங்கள் இறந்துவிட்டாலோ முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனாலோ இதை என்ன செய்வது? பலர் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். 2024 அக்டோபரில் டெல்லி உயர் நீதிமன்றம், கேன்சரில் இறந்த மகன் உறையவைத்திருந்த விந்தணுவைப் பெற்றோரிடம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அந்தப் பெற்றோர் சில வருடம் அலைந்த பிறகு வந்த தீர்ப்பு. மனைவியோடு உட்கார்ந்து பேசி அந்த இடத்தை நிரப்புங்கள்.

உறைந்த நிலையில் அணு கெட்டுப்போவதில்லை, 20 ஆண்டுக்கு மேல் கழித்து எடுத்தும் குழந்தை பிறந்திருக்கிறது. கொடையாளரின் அணுவுக்கும் கருவுக்கும் சட்டம் 10 ஆண்டு வரம்பு வைத்திருக்கிறது. உங்கள் சொந்த அணுவுக்கு ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் போட்டிருக்கிறார்கள், வாடகை வருடத்துக்கு எவ்வளவு, கட்டத் தவறினால் எத்தனை நாளில் அழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

முட்டை எடுக்கிற நாள்

குப்பி டேங்கில் இருந்தாலும் அன்று காலை ஒரு புது சாம்பிள் கொடுங்கள். அதில் கிடைத்தால் அதையே பயன்படுத்துவார்கள், குப்பி அடுத்த முறைக்கு மிச்சம்.

முட்டையை முதிரவைக்கிற கடைசி ஊசி போட்ட 34 முதல் 36 மணி நேரத்துக்குள் முட்டையை எடுத்தாக வேண்டும். பாதை அடைபட்டால் அந்த நேரம் நமக்காகக் காத்திருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி இரண்டு பாதையிலும் மண் சரியலாம், மரம் விழலாம். மே மாத சீசனில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். கடைசி ஊசிக்கு முன்பே இருவரும் கீழே இருங்கள்.

எங்கள் ஐந்து குப்பியில் இரண்டை உருக்கினார்கள், மூன்று இன்னும் டேங்கில் இருக்கின்றன. டேங்க் எண், தட்டு எண், குப்பி எண் எழுதிய அட்டையை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். வாடகை ஜூலையில் கட்ட வேண்டும். போன வருடம் ஃபோன் நம்பர் மாற்றியபோது பேங்கிலும் கேஸ் ஏஜென்சியிலும் சொன்னவன் இங்கே சொல்ல மறந்துவிட்டேன். நல்லவேளையாக அவர்கள் மனைவியின் நம்பருக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் நம்பரையும் கொடுத்து வையுங்கள்.